மலைநாட்டு வீட்டுக்கு எந்தக் கம்ப்ரெசர் சரி?

எங்கள் தோட்டத்திலிருந்து நோர்வூட் டவுனில் இருக்கும் டயர் கடைக்கு ஆறு கிலோமீட்டர். கடை திறப்பது காலை எட்டு மணிக்கு. தம்பி ஆட்டோவை வெளியே எடுப்பது ஐந்தே காலுக்கு. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக் நம்பர் எடுக்கப் போகிற வயதானவர்களும், ஹட்டனில் கொழும்பு பஸ் பிடிக்கப் போகிறவர்களும் அந்த நேரத்தில்தான் வந்து நிற்பார்கள். ராத்திரியில் பின் டயர் இறங்கிக் கிடந்தால் அன்றைக்கு நல்ல ஹயர் எல்லாம் போய்விடும். அதோடு, காற்றுக் குறைந்த டயரோடு ஆறு கிலோமீட்டர் வளைவுப் பாதையில் இறங்கினால் டயரும் கெடும், ஆளுக்கும் ஆபத்து.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் கம்ப்ரெசர் பேச்சு வந்தது. மூன்று வருடத்தில் கால் பம்ப், 12 வோல்ட் சிறிய கம்ப்ரெசர், சார்ஜ் பண்ணிப் பாவிக்கிற பெட்டரி வகை, 24 லீட்டர் டேங்க் வைத்த கம்ப்ரெசர் என்று நான்கையும் பாவித்துப் பார்த்துவிட்டோம். சிலது சொந்தக் காசு, சிலது இரவல். தோட்டத்தில் ஆட்டோவோ பைக்கோ வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கடையில் பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம் என்பதைத்தான் முதலில் சொல்வேன். எவ்வளவு காற்று வேண்டும், வீட்டுக்குக் கரண்ட் எப்படி வருகிறது, பக்கத்துக் காம்பராவில் யார் தூங்குகிறார்கள், மிஸ்ட் எத்தனை மாதம் இறங்குகிறது: இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால் மெஷின் தானாக முடிவாகிவிடும்.

150 என்ற எண்

பெட்டியில் '150 பி.எஸ்.ஐ.' என்று இருக்கும். பி.எஸ்.ஐ. என்பது காற்றின் அழுத்தத்தை அளக்கிற அலகு. அது அந்த மெஷின் தள்ளக்கூடிய உச்ச அழுத்தம். நம் கார், பைக், ஆட்டோ எதற்கும் 40க்கு மேல் பொதுவாகத் தேவைப்படாது. சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்திலோ, காரின் கதவோரத்து ஸ்டிக்கரிலோ இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்துக் காற்றடிக்கக்கூடாது.

அழுத்தத்தைவிட முக்கியமானது நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் காற்று வருகிறது என்பது. பீலியில் தண்ணீர் வேகமாக விழுவது ஒன்று, ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்பது வேறொன்று. குச்சி மாதிரி மெல்லிய பீலியிலும் தண்ணீர் வேகமாகச் சீறும், வாளி மட்டும் நிறையாது. 150 பி.எஸ்.ஐ. எழுதிய சில சிறிய மெஷின்கள் இந்த ரகம்.

ஒரு சின்னக் கணக்கு. சிறிய காரின் ஒரு டயருக்குள் ஏறக்குறைய 20 லீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20 பி.எஸ்.ஐ.க்கு இறங்கியிருக்கிறது, 32க்கு ஏற்ற வேண்டும். ஹட்டன் உயரத்தில் அதற்குச் சுமார் 20 லீட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். நிமிடத்துக்கு 30 லீட்டர் என்று எழுதிய 12 வோல்ட் மெஷின் எதிர் அழுத்தம் வந்ததும் அதைவிடக் குறைவாகத்தான் தரும். ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம். ஆட்டோ டயர் இதைவிடச் சிறியது. அதாவது வாரம் ஒருமுறை காற்றைச் சரிபார்க்கிற வீட்டுக்கு மிகச் சிறிய மெஷினே போதும். பெரிய மெஷின் வேண்டுமென்று நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்ப்ரே கன் வேறு விஷயம். கேட்டுக்கும் ஆட்டோவின் வெளித் தகட்டுக்கும் பெயின்ட் அடிக்கிற சாதாரண கன் நிமிடத்துக்கு 110 முதல் 225 லீட்டர் வரை கேட்கும். அங்கே சிறிய மெஷின் எதுவும் நிற்காது.

உயரமும் குளிரும் செய்வது

நம் ஊருக்கே உரிய விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். கடற்கரையில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. ஹட்டனில் அது 12.6 அளவு, நுவரெலியாவில் 11.7 அளவு. கம்ப்ரெசரின் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் இழுக்கிற இடம் ஒன்றுதான், ஆனால் அந்த இடத்துக்குள் வருகிற காற்று மெலிந்தது. அதனால் கொழும்பில் நாலு நிமிடம் எடுக்கிற வேலைக்கு நுவரெலியாவில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் எடுக்கும். மெஷின் பழுதில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தோடு கால்வாசியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 'பத்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஆறவிடவும்' என்று எழுதியிருந்தால் அதை இங்கே இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஒரே வேலைக்கு மெஷின் கூடுதல் நேரம் ஓடுகிறது, சூடும் கூடுகிறது.

அப்புறம் எல்லோரும் கேட்கிற கேள்வி: கொழும்பில் அடித்த காற்று மேலே வந்ததும் கூடிவிடுமா?

வெளி அழுத்தம் குறைவதால் மட்டும் பார்த்தால், நுவரெலியாவில் கேஜ் (டயரின் அழுத்தத்தைக் காட்டும் கருவி) 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கொழும்பில் 30 பாகை, நுவரெலியாவில் 15 பாகை. குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கும். 15 பாகைக் குறைவுக்கு இரண்டு பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் மேல் இறங்கும். கூட்டிக் கழித்தால் கொழும்பில் 32 அடித்த டயர், மேலே வந்து நன்றாக ஆறிய பிறகு 32க்கும் 33க்கும் நடுவில் நிற்கும். ஏற்றமும் குளிரும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன. ஆகவே ஏப்ரல் சீசனுக்கு மேலே வருகிறவர்கள் காற்றைக் குறைத்துவிட்டு வரத் தேவையில்லை. நாமும் கீழே இறங்கும்போது எதையும் மாற்றத் தேவையில்லை.

ஆனால் ரம்பொடை வளைவுகளில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கிய உடனே கேஜ் வைத்துப் பார்த்தால் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை வெளியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டயர் ஆறியதும் அது தேவையைவிடக் கீழே போய்விடும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்ப்பதுதான் உண்மையான அளவு. இல்லாவிட்டால் வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆன பிறகு.

வீட்டில் கம்ப்ரெசர் வைத்திருப்பதன் பெரிய பயனே இதுதான் என்பேன். டவுனுக்கு ஓட்டிப்போய்க் காற்றடித்தால் டயர் ஏற்கெனவே சூடாகியிருக்கும். வாசலில் அடித்தால் ஆறிய டயரில் சரியான அளவு கிடைக்கும்.

நான்கு வழி

கால் பம்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் வேண்டாம், பெட்டரி வேண்டாம், விலை குறைவு. இரண்டு சிலிண்டர் வைத்ததாக வாங்குங்கள், ஒற்றைச் சிலிண்டர் வகையின் கால் சட்டம் சீக்கிரம் வளைந்துவிடும். பைக் மட்டும் வைத்திருப்பவருக்கு இதுவே போதும் என்று உறுதியாகச் சொல்வேன். நம் வாசல்கள் சமதரையாக இல்லாததால் பலகைத் துண்டு ஒன்றின் மேல் வைத்து மிதியுங்கள். அதில் வருகிற கேஜை மட்டும் நம்பாதீர்கள்.

12 வோல்ட் கம்ப்ரெசரில் இரண்டு ரகம். ஒன்று காரின் சிகரெட் சொக்கட்டில் சொருகுவது. அந்தச் சொக்கட்டின் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியர், ஆகவே மெஷினும் அதற்குள்தான் இருக்கும். மற்றது பெட்டரியின் இரண்டு முனையிலும் நேராகக் கிளிப் மாட்டுவது. இது 20 அம்பியருக்கு மேலும் இழுக்கும், இரண்டு சிலிண்டர் இருக்கும், வேலை பாதி நேரத்தில் முடியும். ஆட்டோவில் பொதுவாகச் சிகரெட் சொக்கட் இருக்காது என்பதால் தம்பிக்குக் கிளிப் வகைதான் பொருந்தியது. எந்த வகையானாலும் இன்ஜினை ஓடவிட்டுத்தான் அடிக்க வேண்டும். குளிர்கால விடியற்காலையில் பெட்டரி ஏற்கெனவே சோர்ந்திருக்கும், அதில் இதையும் ஓட்டினால் பிறகு ஸ்டார்ட் எடுக்காது. இன்ஜின் ஓடும்போது வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும், தகரம் அடைத்த கொட்டகைக்குள் வேண்டாம்.

பைக் பெட்டரியில் இந்தக் கிளிப்பை மாட்டாதீர்கள். நம்மிடம் ஓடுகிற சிறிய பைக்குகளின் பெட்டரி மிகச் சிறியது, 20 அம்பியரை அது தாங்காது. அண்ணன் முறையான ஒருவர் புது பெட்டரி ஒன்றை ஒரே வாரத்தில் இப்படிக் கெடுத்துக்கொண்டார்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். சிலிண்டரும் தலையும் உலோகமாக இருந்தால் கனம் தெரியும். காற்று ஹோஸின் முனை திருகிப் பூட்டும் வகையா, லீவரை மடக்கிப் பூட்டும் வகையா என்று பாருங்கள். திருகுகிற வகையில் கழற்றும்போது ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. வெளியேறும், அதை முன்கூட்டியே சேர்த்து அடிக்க வேண்டும். ஓடி முடிந்ததும் அந்தப் பித்தளை முனை கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். பக்கத்தில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் பண்ணிப் பாவிக்கிற பெட்டரி வகை கைக்கு வசதி. அளவைக் குறித்துவிட்டால் அங்கே வந்ததும் தானாக நின்றுவிடும். பைக்குக்கும், பிள்ளைகளின் சைக்கிளுக்கும், பந்துக்கும் இதைவிட வசதியானது இல்லை. ஆனால் லித்தியம் பெட்டரி குளிரில் வலு குறையும். ஜனவரி, பெப்ரவரி ராத்திரியில் வெளியே ஆட்டோவுக்குள் விட்டுவைத்தால் காலையில் இரண்டாவது டயருக்கு வரும்போதே சிவப்பு லைட் எரியும். ராத்திரி வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். இன்னொன்று, மெஷினுக்குள்ளேயே பெட்டரி அடைத்த வகை இரண்டு மூன்று வருடத்தில் பெட்டரி செத்ததும் முழுதாகக் குப்பைக்குப் போகும். உங்களிடம் ஏற்கெனவே பெட்டரி கழற்றுகிற ட்ரில் இருந்தால், அதே கம்பெனியின் அதே பெட்டரியில் ஓடுகிற காற்று மெஷினைத் தேடுங்கள். மேசன் வேலை, தச்சு வேலை செய்பவர்களுக்கு அதுதான் சிக்கனம்.

அடுத்தது டேங்க் கம்ப்ரெசர். எங்கள் அனுபவத்தில் பாதி இதோடுதான்.

24 லீட்டர் டேங்கும் எங்கள் லயமும்

டவுனில் ஒரு கடையில் நாங்கள் வாங்கியது எண்ணெய் ஊற்றாத, மோட்டாரோடு நேராகப் பொருத்திய வகை. ஒன்றரைக் குதிரைச் சக்தி. 'வீட்டுக்கு ஏற்றது, பெயின்டும் அடிக்கலாம், டயரும் அடிக்கலாம்' என்று சொல்லித் தந்தார்கள். டயருக்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது. 24 லீட்டர் டேங்கில் 8 பார் (பாரும் அழுத்த அலகுதான், ஒரு பார் 14.5 பி.எஸ்.ஐ.) ஏற்றிவைத்தால், அது இரண்டரை பாருக்கு இறங்கும் வரை 130 லீட்டர் காற்று கிடைக்கும். மேலே போட்ட கணக்குப்படி ஆறு டயருக்குக் காற்று நிரவலாம், மோட்டார் ஒருமுறைகூட ஓடாமல். டேங்க் கசியாமல் இருந்தால் கரண்ட் இல்லாத நேரத்திலும் இந்தக் காற்று உதவும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது இது எங்களிடம் இல்லை, இருந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும் என்று பிறகு பேசிக்கொண்டோம்.

ஆனால் சத்தம். எண்ணெய் இல்லாத இந்த வகை 90 டெசிபலைத் தாண்டும். தனி வீட்டில் அது சமாளிக்கக்கூடியது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே கூரை, காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர். முதல் நாள் காலை ஐந்து மணிக்கு ஓடவிட்டதும் பக்கத்து அக்காவின் நாலு மாதக் குழந்தை வீறிட்டது. அக்கா எதுவும் சொல்லவில்லை, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். அன்றிலிருந்து சாயங்காலமே டேங்கை நிரப்பி வைத்துக்கொள்ளத் தொடங்கினோம். லயத்தில் இருப்பவர் டேங்க்தான் வேண்டுமென்றால் 'சைலன்ட்' என்று விற்கும், 60 முதல் 70 டெசிபல் வகைக்கு மேலதிகக் காசு கொடுப்பது சரியான செலவு. பெல்ட் போட்டு ஓடுகிற, எண்ணெய் ஊற்றும் வகையும் நேர்ப்பொருத்து வகையைவிடச் சத்தம் குறைவு, ஆயுளும் நீளம். ஆனால் கனம் அதிகம், படிக்கட்டு வாசலில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும்.

அடுத்தது கரண்ட். ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது இழுப்பது 5 முதல் 7 அம்பியர் அளவு. ஸ்டார்ட் ஆகிற அந்த நொடியில் அதைப் போலப் பல மடங்கு. ஒரு விடியற்காலை, வெளியே ஒன்பது பாகைதான் இருக்கும், சுவிச்சைத் தட்டினால் மோட்டார் சுற்றவில்லை. 'ம்ம்ம்' என்று முனகியது, வீட்டு பல்ப் மங்கியது, கொஞ்ச நேரத்தில் சூடான வார்னிஷ் மணம். தம்பி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டான். கராஜில் வேலை பார்க்கும் மாமா வந்து பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார்.

ஒன்று, நாங்கள் பாவித்த எக்ஸ்டென்ஷன் வயர். மெல்லிய வயரில் பதினைந்து மீட்டர் இழுத்திருந்தோம், அதிலேயே வோல்டேஜ் இறங்கிவிட்டது. 'வயரை நீட்டாதே, காற்று ஹோஸை நீட்டு' என்றார். ப்ளக் பொயின்ட் பக்கத்தில் மெஷின், வாசல் வரைக்கும் ஹோஸ். இது எந்த ஊருக்கும் பொருந்தும், ஆனால் கரண்ட் லைனின் கடைசி வீட்டில் இருப்பவர்களுக்கு ரொம்பவே பொருந்தும். பழைய 5 அம்பியர் வட்டப் பின் சொக்கட்டில் அடப்டர் மேல் அடப்டர் போட்டு இதை ஓட்டவே கூடாது.

இரண்டாவது, மோட்டார் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். பிஸ்டன் தலைக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கிற குழாயில் நிற்கும் காற்றை வெளியே விடுகிற வால்வின் சத்தம் அது. அது வராவிட்டால் அடுத்த முறை மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் ஸ்டார்ட் எடுக்க வேண்டும். குளிரும் குறைந்த வோல்டேஜும் சேர்ந்தால் எடுக்காது. எங்கள் மெஷினில் அந்த வால்வு அடைத்திருந்தது. மாமா டேங்கைக் காலி செய்து, அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்துவைத்தே மோட்டாரை ஓட்டினார். அரை நிமிடம் கழித்து மூடினார். சுமையில்லாமல் வேகம் எடுத்ததால் மோட்டார் நின்றுவிடவில்லை. குளிர்ந்த காலையில் இன்றும் அப்படித்தான் தொடங்குகிறோம். எண்ணெய் ஊற்றும் வகை வைத்திருப்பவர்களுக்கு எண்ணெயே குளிரில் தடித்துப்போகும். மெஷின் புத்தகம் அனுமதித்தால் 100 தரத்துக்குப் பதிலாக, அதைவிட மெல்லிய 68 தர கம்ப்ரெசர் எண்ணெய் ஊற்றுங்கள். இன்ஜின் எண்ணெய் வேண்டாம்.

டேங்குக்குள் மழை

அந்த வடிகுழாயை முதன்முதலாகத் திறந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடையில் இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாமா டேங்கைச் சாய்த்துப் பிடித்துத் திருகைத் தளர்த்தினார். முதலில் காற்று, பிறகு கறுப்புத் தேத்தண்ணீர் நிறத்தில் துருத் தண்ணீர். அரைக் கோப்பைக்கு மேல் வாசல் சிமெந்தில் ஓடியது. கையில் தொட்டால் மெல்லிய மணல் மாதிரி நெருடியது. அது டேங்கின் உள்சுவர்.

காற்றை நெருக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். 20 பாகை, மிஸ்ட் இறங்கிய நாள், 90 சதவீத ஈரப்பதம் என்று வைத்தால் 24 லீட்டர் டேங்கை ஒருமுறை 8 பாருக்கு நிரப்பும்போது ஏறக்குறைய 3 மில்லிலீட்டர் தண்ணீர் உள்ளே தங்கும். அரைத் தேக்கரண்டிக்கு மேல். தினமும் நிரப்பினால் மாதத்தில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்கிற வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் டேங்க் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் வடிக்கத்தான் வேண்டும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட்டில் காய்ந்த காற்று வீசும்போது இது குறையும், ஆனால் நிற்காது.

துருவால் மெலிந்த டேங்க் வெடிக்கும். நான் மிகைப்படுத்தவில்லை. 8 பார் என்பது டேங்கின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 8 கிலோ அளவு தள்ளுகிற விசை. பொத்தல் விழுந்த டேங்கை வெல்டிங் வைத்துப் பாவிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்தவரிடம் வாங்கவும் வேண்டாம். அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடுகிற சேப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்றுச் சீறி, விட்டதும் மூடிக்கொண்டால் அது வேலை செய்கிறது.

பெயின்ட் அடிப்பவர்களுக்கு இந்தத் தண்ணீரால் வேறொரு தொல்லை. ஸ்ப்ரே கன் வழியாகத் துளி வந்து விழுந்தால் பெயின்டில் மீன் கண் மாதிரி பொட்டு விழும். தண்ணீர் பிரிக்கும் பில்டரை டேங்கின் வாயிலேயே மாட்டாமல், காற்று ஆறியபிறகு வருமாறு ஹோஸின் மறுமுனைப் பக்கம் மாட்டினால் நன்றாகப் பிடிக்கும். 24 லீட்டரில் ஆட்டோ முழுவதையும் அடிக்க முயலாதீர்கள். சிறிய டச்சப் கன்னுக்கு அது ஈடுகொடுக்கும், கதவு ஜன்னலுக்குப் போதும். பெரிய கன்னுக்கு 50 லீட்டரும் இரண்டு குதிரைச் சக்தியும் தொடக்கம்தான். இன்னொன்று, தின்னர் ஆவி விறகு அடுப்புக்குப் போனால் தீப்பிடிக்கும். காம்பராவுக்குள்ளோ இஸ்தோப்பிலோ பெயின்ட் அடிக்காதீர்கள்.

பாவிக்கும்போது

தனியாக ஒரு கேஜ் வாங்குங்கள். கம்ப்ரெசரில் காசு மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள். எங்கள் 12 வோல்ட் மெஷினின் கேஜ் 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டியது. அதை நம்பி ஒரு மாதம் ஓடியதில் ஆட்டோ டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்துவிட்டன. ஓரங்கள் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம்.

ஆட்டோக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஆட்டோவின் ரிம் இரண்டு துண்டாகச் சேர்த்து நட் போட்டது. பஞ்சர் ஒட்டக் கழற்றும்போது காற்றை முழுதாக இறக்கி, வால்வின் ஊசியையும் கழற்றிய பிறகுதான் அந்த நட்களில் கை வைக்க வேண்டும். காற்று இருக்கும்போது தளர்த்தினால் ரிம் பிளந்து முகத்துக்கு வரும். திரும்பப் பூட்டும்போதும் எல்லா நட்டையும் இறுக்கிவிட்டுத்தான் காற்று.

புல்வெட்டும் மெஷினின் ஏர் பில்டரை ஊதிச் சுத்தம் செய்ய டேங்க் நல்ல வசதி. அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து, கண்ணாடி போட்டு, உள்பக்கமிருந்து வெளியே ஊதுங்கள். வேலை முடிந்ததும் சட்டையில் இருக்கும் தூசியை அதே கன்னால் ஊதுவது பலரின் பழக்கம். காற்று காயம் வழியாகத் தோலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் விளையாட்டுக்குக் கன்னை ஒருவர் மேல் ஒருவர் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரவுண்டில் விளையாடுகிற பிள்ளைகள் பந்தோடு வருவார்கள். கால்பந்துக்கு 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை விதி அனுமதிக்கிறது, நம் மேடு பள்ளக் கிரவுண்டுக்கு 9 அல்லது 10 சரியாக இருக்கும். வொலிபோலுக்கு நாலரைதான். டேங்கிலிருந்து நேராக அடித்தால் ஒரு நொடியில் தையல் விட்டுவிடும். ஊசியை ஈரமாக்கிச் சொருகி, பெட்டரி வகையாலோ கை பம்பாலோ அடியுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

பைக் மட்டும் என்றால் கால் பம்பும் நல்ல கேஜும். பிள்ளைகளின் சைக்கிளும் இருந்து கொஞ்சம் காசும் இருந்தால் பெட்டரி வகை. ஆட்டோவோ காரோ வைத்திருந்து, டயருக்குக் காற்று மட்டும்தான் தேவை என்றால் 12 வோல்ட் இரட்டைச் சிலிண்டர், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது வண்டியோடு போகும், பாதி வழியில் டயர் இறங்கினாலும் கையில் இருக்கும். டேங்க் வகை பெயின்ட், பில்டர் சுத்தம், தச்சு வேலைக்கு ஆணி அடிக்கிற கன் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது வேலை உள்ளவருக்கு மட்டும்.

எங்கள் லயத்தில் வண்டி வைத்திருக்கிற நாலு வீடு சேர்ந்து ஒரு டேங்க் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. நல்ல யோசனைதான், தண்ணீர் வடிக்கிற பொறுப்பை ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டால். எல்லோருக்கும் பொது என்றால் யாரும் வடிக்க மாட்டார்கள்.

பாவித்த டேங்க் விலைக்கு வந்தால், முதலில் வடிகுழாயைத் திறக்கச் சொல்லுங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் மேலே பேசலாம், செம்மண் நிறத்தில் வந்தால் விலையே கேட்காமல் திரும்புங்கள். அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், மந்தமான சத்தம் வருகிற இடத்தில் துரு படிந்திருக்கும். டேங்கில் தயாரித்த வருடமும் உச்ச அழுத்தமும் பொறித்த தகடு இருக்க வேண்டும். முழுதாக நிரப்பி மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மீண்டும் ஓடவிட்டு நிறுத்தி, அந்த 'புஸ்' வருகிறதா என்று கேளுங்கள்.

எங்கள் டேங்க் இப்போது மாமாவின் கராஜில் இருக்கிறது. அங்கே அதற்குத் தினமும் வேலை இருக்கிறது, சாயங்காலம் கடை மூடும்போது அவரே வடித்துவிடுகிறார். தம்பியின் ஆட்டோ சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் மெஷினும், ஒரு துணியும், கேஜும் கிடக்கின்றன.